கடல் பார்த்த அறை

காசு கொடுத்து மரியாதையை வாங்க முடியுமா? நூல்களில் இதற்கு எளிதான விடை உண்டு. ஒரு பொருளுக்கு விலை இருக்கலாம், அல்லது மாண்பு இருக்கலாம் என்று 1785இல் காண்ட் பிரித்துக் காட்டினார். விலை உள்ளதற்குப் பதிலாக இன்னொன்றை வைக்கலாம், மாண்புக்கு ஈடே கிடையாது. ஆடம்பர ஹோட்டல் என்ற தொழில் இந்தக் கோட்டை அழித்துத்தான் பிழைக்கிறது. கட்டிலும் குளியல்தொட்டியும் சாதாரண விடுதியிலும் கிடைக்கும். இங்கே அவற்றோடு சேர்த்து விற்கப்படுவது, நீங்கள் முக்கியமானவர் என்று சொல்லும் ஒரு முகம்.

இதை முழுதாக விளங்கிக்கொண்டவர் செசார் ரிட்ஸ். சுவிற்சர்லாந்து மலைக்கிராமம் ஒன்றில் 1850இல் விவசாயக் குடும்பத்தின் 13ஆவது பிள்ளையாகப் பிறந்தவர். மேசை பரிமாறி, மொன்டி கார்லோ கடற்கரையில் ஹோட்டல் நடத்தி, 1898இல் பாரிஸில் தன் பெயரிலேயே ஒன்றைத் திறந்தார். பணக்காரருக்கு என்ன வேண்டும் என்பது பரிமாறியவனுக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது. 1902இல் ஏழாம் எட்வேர்ட் நோயுற்று முடிசூட்டு விழா தள்ளிப்போனது. லண்டனில் அதற்காகச் செய்திருந்த ஏற்பாடுகளெல்லாம் வீணாக, ரிட்ஸ் மனமுடைந்து விழுந்தார். அதன்பின் பழைய நிலைக்கு அவர் திரும்பவேயில்லை.

இங்கிலாந்தின் பெரிய கடற்கரை ஹோட்டல்கள் ரிட்ஸுக்கு முந்தியவை, ரயில் பெற்ற பிள்ளைகள். பிரைட்டனுக்கு 1841இல் ரயில் வந்தது, ஸ்காபரோவுக்கு 1845இல். 1867இல் ஸ்காபரோவில் திறந்த கிராண்ட் ஹோட்டலைக் கட்டியவர்கள் ஓர் ஆண்டையே செங்கல்லில் அடுக்க நினைத்தார்கள்: பருவங்களுக்கு 4 கோபுரங்கள், மாதங்களுக்கு 12 தளங்கள், கிழமைகளுக்கு 52 புகைபோக்கிகள், நாட்களுக்கு 365 அறைகள். குளியல்தொட்டிக்கு நல்ல தண்ணீர்க் குழாயோடு கடல்நீர்க் குழாயும் இருந்ததாம். இவ்வளவையும் நிமிர்த்தி வைத்திருக்க எத்தனை கைகள் வேண்டியிருந்திருக்கும்! அந்தக் காலத்தில் கைகள் மலிவு. பிறகு மலிவானது ஸ்பெயினுக்குப் போகும் விமானம். கட்டடங்களைச் சுருக்க முடியாது, ஆட்களைச் சுருக்கலாம். பல இடங்களில் பெயரும் முகப்பும் மிஞ்சின.

சென்ற கோடையில் என் 60ஆவது பிறந்தநாளுக்குப் பிள்ளைகள் தெற்குக் கரையில் அப்படியான ஒரு ஹோட்டலில் இரண்டு இரவுகள் பதிவு செய்தார்கள். பெயர் வேண்டாம். என் மனைவி லண்டனில் 19 வருடம் ஹோட்டல் அறைகள் துப்புரவு செய்தவர். அப்படி ஓர் அறையில் அம்மா ஒரு நாளாவது படுத்திருக்க வேண்டும் என்பது மகனின் ஆசை. என் பிறந்தநாள் அதற்கு ஒரு சாட்டு.

கடல் பார்த்த அறைக்கென்று தனிக்காசு. யன்னலில் பாதியை அவசரகால இரும்புப் படிக்கட்டு மறைத்தது. மீதிப் பாதியைத் திறக்க முடியவில்லை, சட்டத்தோடு சேர்த்துப் பெயின்ற் அடித்திருந்தார்கள். குழாய் இருமிவிட்டு மண்ணிறத் தண்ணீர் தந்தது. மகன் கொதித்துக்கொண்டிருக்க, மனைவி போய்க் கட்டில் விரிப்பின் மூலையைத் தூக்கிப் பார்த்தார். மடிப்பு ஒரு பக்கம்தான் செருகியிருந்தது. "பாவம், இந்தப் பிள்ளைக்குப் பதினைஞ்சு நிமிசம்தான் குடுத்திருக்கிறாங்கள்" என்றார்.

காலையில் சாப்பாட்டு மண்டபத்தில் யன்னலோர மேசைகள் காலியாக இருந்தும் எங்களைச் சமையலறைக் கதவுக்குப் பக்கத்தில் இருத்தினார்கள். மகன் அதை நிறத்தின் கணக்கில் எழுதினான். எழுதக்கூடாது என்று நான் சொல்லமாட்டேன், இந்த நாட்டில் அந்தக் கணக்குக்கு ஆதாரம் குறைவில்லை. அந்த மண்டபம் முழுவதற்கும் பரிமாற ஒரே ஒரு பெடியன். மனைவி அவனுடைய சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இஞ்ச இருந்தா அந்தப் பிள்ளைக்கு நடை மிச்சம்."

முறைப்பாடு எழுதுவதா இல்லையா என்ற சண்டை அங்கே தொடங்கியது. "நாங்கள் வாய்திறக்காட்டி முதலாளி அடுத்தவனையும் ஏய்ப்பான், வேலை செய்யிற ஆக்களையும் பிழிவான். உங்கட இரக்கம் அவனுக்குத்தான் லாபம், அம்மா" என்றான் மகன். இது சின்ன வாதமல்ல. மனைவி, "நீ எழுதுவாய், வதை அந்தப் பிள்ளையின்ர தலையில விடியும். நான் பாத்திருக்கிறன்" என்றார். அவர்கள் தந்த படிவம் மனைவியின் பக்கம் சாட்சி சொன்னது. யன்னலைப் பற்றி அதில் ஒரு கேள்வியும் இல்லை. வரவேற்றவர் சிரித்தாரா, துப்புரவு செய்தவருக்கு எத்தனை நட்சத்திரம், பரிமாறியவரின் பெயர் என்ன என்று மட்டும் கேட்டிருந்தார்கள்.

ஆர்லி ஹொக்சைல்ட் விமானப் பணிப்பெண்களைப் பற்றி 1983இல் எழுதிய நூலில் இதை உணர்ச்சி உழைப்பு என்றார். சிரிப்பும் சம்பளத்துக்குள் அடங்கிய வேலை அது. கடற்கரை ஹோட்டலில் நான் கண்டது இதன் அடுத்த படி. சுடுதண்ணீரும் சிரிப்பும் ஒரே விலைச்சீட்டில் இருப்பதால், சுடுதண்ணீரில் விழுந்த குறையைச் சிரிப்பால் நிரப்பச் சொல்கிறார்கள். நிரப்பவேண்டியவர் ஆகக் குறைந்த சம்பளக்காரர்.

ஆகவே ஏமாற்றத்தை இரண்டாகப் பிரிக்கவேண்டும் என்று நினைக்கிறேன். யன்னலும் தண்ணீரும் ஒப்பந்தம், அவற்றுக்குக் காசு திரும்பக் கேட்பதில் வெட்கப்பட எதுவுமில்லை. முகம் மலரவில்லை என்ற மனக்குறைக்கு அந்த உரிமை கிடையாது. வள்ளுவர் ஓர் அதிகாரமே ஒதுக்கிய விருந்தோம்பலில் முகம் திரிவது பெருங்குற்றம்தான், ஆனால் அங்கே விலைச்சீட்டு இல்லை. விருந்து என்ற சொல்லுக்குப் பழைய பொருள் புதுமை. முன்பின் அறியாமல் வந்தவரே விருந்து. கடன் அட்டை இலக்கத்தோடு வருகிறவருக்கு வேறு சொல் தேடவேண்டும். இந்தப் பிரிவு தாளில் நேராக நிற்கிறது. கொழும்பிலும் லண்டனிலும் எத்தனையோ கவுண்டர்களில் நிமிராத தலைகளுக்கு முன்னால் காத்து நின்றவர்கள், ஒருநாள் காசு கொடுத்தாவது அந்தத் தலை நிமிரட்டும் என்று விரும்பினால், அது வெறும் பகட்டு என்று என்னால் தள்ளிவிட முடியவில்லை.

கடைசியில் கடிதம் எழுதினோம். படிக்கட்டு, யன்னல், குழாய், தனிக்காசு. ஆட்களைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. பல்லில்லாத கடிதம் என்றான் மகன். புறப்படும்போது மனைவி கேத்தலுக்கு அடியில் 20 பவுண் தாள் ஒன்றை வைத்தார். "இதுவும் விலைதானே அம்மா?" என்று கேட்டான். "எனக்கு ஒருக்கா ஒராள் வைச்சது. அண்டைக்கு நான் அதை விலை எண்டு நினைக்கேல்லை" என்றார்.

மூன்று கிழமையில் பதில் வந்தது. அடுத்த வருகைக்கு விலைக் கழிவு தருவதாக எழுதியிருந்தார்கள். யன்னலைப் பற்றி எதுவும் இல்லை. ஏற்பட்ட அசௌகரியத்துக்கு வருந்துவதாகவும், அறைத் துப்புரவுப் பணியாளர்களுக்கு மேலதிகப் பயிற்சி வழங்கப்படும் என்றும் இருந்தது.