தொண்டும் ஓய்வும் – ஒகோவே நதிக்கரையில் ஒரு குடும்பம்

தொண்டு செய்பவனுக்கு ஓய்வு தேவையா? இக்கேள்வி அன்பர்கள் பலரின் உள்ளத்தில் எழுவதுண்டு. ஓய்வை நாடுவது சுயநலம் என்று சிலர் அஞ்சுகின்றனர். உடலை வருத்தும் அளவுக்கே தியாகம் உயரும் என்று எண்ணுவோரும் உள்ளனர். ஆப்பிரிக்காவில் தொண்டாற்றிய ஆல்பர்ட் ஷ்வைட்சர் தம்பதியரின் வாழ்க்கை இவ்விஷயத்தில் ஆழ்ந்த சிந்தனைக்குரியது.

அன்று ஜெர்மனியின் ஆட்சியில் இருந்த அல்சாஸில் 1875-இல் பிறந்தவர் ஷ்வைட்சர். தத்துவம், இறையியல், இசை ஆகிய மூன்றிலும் புகழ் பெற்றிருந்த நிலையில், முப்பதாம் வயதில் மருத்துவம் பயிலத் தொடங்கினார். 1912-இல் அவரை மணந்த ஹெலன், அப்பணிக்குத் துணை நிற்பதற்கென்றே செவிலியர் பயிற்சி பெற்றவர். மறு ஆண்டே இருவரும் இன்றைய காபோன் நாட்டில் ஒகோவே நதிக்கரையிலுள்ள லாம்பரெனேயை அடைந்தனர்.

கோழிகளை அடைத்து வைத்திருந்த ஒரு கொட்டகையே முதல் மருத்துவமனையாயிற்று. மலேரியா, தொழுநோய், உறக்க நோய், குடலிறக்கம் என்று பலவகைப் பிணியாளரும் படகுகளில் வந்து குவிந்தனர். அறுவைக் கருவிகளைத் தூய்மை செய்வதும், நோயாளிக்கு மயக்க மருந்து கொடுப்பதும் ஹெலனின் பொறுப்பு. இல்லத்தின் பொறுப்பும் அவருடையதே. இரவில் ஷ்வைட்சருக்கு ஓய்வு தந்தது இசை. பாரிஸ் நகரின் பாக் இசைச் சங்கம், வெப்பமண்டல ஈரத்தைத் தாங்குமாறு அமைத்து வழங்கிய பியானோ ஒன்று அவரிடம் இருந்தது. பாக் இயற்றியவற்றை ஒவ்வொன்றாக மனத்தில் பதித்துக் கொண்டு அவர் அதில் வாசிப்பார்.

1914-இல் போர் மூண்டது. பிரெஞ்சுக் குடியேற்ற நாட்டில் அவ்விருவரும் ஜெர்மன் குடிமக்கள்! வீட்டுக்காவலில் வைக்கப்பட்டனர், நோயாளிகளைத் தொடவும் தடை விதிக்கப்பட்டது. பணி பறிக்கப்பட்டால் பெரும்பாலோருக்குச் சோர்வே மிஞ்சும். ஷ்வைட்சரோ இரண்டாம் நாளே எழுத அமர்ந்தார். நாகரிகத்தின் வீழ்ச்சியைப் பற்றிய அவரது தத்துவ நூல் அந்தக் கட்டாய ஓய்வில்தான் தொடங்கியது.

1915 செப்டம்பரில் ஹெலனின் உடல்நலத்திற்காக இருவரும் கடற்கரையில் தங்கியிருந்தனர். அப்போது நதியின் மேற்பகுதியில் ஒரு மிஷனரியின் மனைவி நோயுற்றிருப்பதாக அழைப்பு வந்தது. ஓய்வைப் பாதியில் விட்டு ஷ்வைட்சர் சிறு நீராவிப் படகில் புறப்பட்டார். மூன்றாம் நாள் மாலை, நீர்யானைக் கூட்டத்தின் நடுவே படகு சென்று கொண்டிருந்தபோது, நெடுநாள் தேடிய கருத்து அவர் உள்ளத்தில் உதித்தது: ‘உயிரின் மீது பயபக்தி.’ இந்தியருக்கு அஹிம்சை நினைவுக்கு வருவது இயல்பே. பிற்காலத்தில் இந்தியச் சிந்தனையைப் பற்றி அவர் ஒரு நூலே எழுதினார். அதில் நம் துறவுநெறி உலகைப் புறக்கணிக்கிறது என்று அவர் கூறியதை ஏற்க இயலாது. தொண்டையே வழிபாடாகக் கொண்ட துறவியரும் இந்நாட்டில் இருந்திருக்கின்றனர்.

இவ்வரலாற்றைக் கூறுவோர் பொதுவாக இந்த இடத்தில் கணவரின் புகழைப் பாடி நிறுத்திவிடுவர். ஹெலனின் நிலை என்ன? 1917-இல் இருவரும் கைதிகளாகப் பிரான்ஸுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். விடுதலை பெற்றபோது ஹெலனின் உடல் நொந்திருந்தது. 1919-இல், தந்தையின் பிறந்தநாளான ஜனவரி 14-ஆம் தேதியன்றே மகள் ரேனா பிறந்தாள். 1924-இல் ஷ்வைட்சர் மீண்டும் லாம்பரெனே சென்றபோது தாயும் மகளும் உடன் செல்லவில்லை. ஜெர்மனியின் கருங்காட்டுப் பகுதியில் அவர்களுக்கென ஓர் இல்லம் கட்டப்பட்டிருந்தது. ஷ்வைட்சர் ஐரோப்பா திரும்பும்போதும் மருத்துவமனைக்குப் பொருள் திரட்ட ஊர் ஊராகச் சென்று ஆர்கன் வாசித்தார்; சொற்பொழிவுகள் ஆற்றினார். ஓய்வுக்காலத்திலும் அவர் குடும்பத்திற்குக் கிடைத்தது சிறிதே. இத்தியாகத்தில் பெரும்பங்கு யாருடையது என்று கேட்டால், உலகம் அதிகம் அறியாத ஹெலனையே சுட்ட வேண்டும். சேவையில் ஈடுபட்டிருக்கும் இல்லறத்தார், தம் பணியின் சுமையை வீட்டில் யார் தாங்குகிறார் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

1941-இல், உலகப் போரின் நடுவே, அறுபது வயதைக் கடந்திருந்த ஹெலன் கடல் கடந்து லாம்பரெனேயை அடைந்தார். 1946 வரை அங்கே தங்கினார். 1957-இல் அவர் மறைந்தார். ஷ்வைட்சர் 1965-இல் லாம்பரெனேயிலேயே உயிர் நீத்தார். அதன்பின் அம்மருத்துவமனையின் நிர்வாகத்தை ஏற்றவர், இளமையில் தந்தையின் அருகாமை அதிகம் கிட்டாத அந்த மகள் ரேனாவே.