துதிக்கைக்கு எட்டாத தானம்

கோயில் வாசலில் யானை நின்றால் கூட்டம் தானாக அந்தப் பக்கம் ஒதுங்கும். பத்து ரூபாய்த் தாளை நீட்டினால் துதிக்கையின் நுனி அதைப் பதமாகப் பற்றிப் பாகனின் கையில் சேர்க்கும். பிறகு கொடுத்தவரின் தலையை ஒருமுறை தொட்டுவிட்டுத் திரும்பும். குழந்தை சிரிக்கும், பெரியவர்கள் கண்களை மூடிக்கொள்வார்கள். அதில் பக்தி இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஆனால் அந்தப் பத்து ரூபாயால் யானைக்கு என்ன ஆயிற்று என்ற கேள்வி மட்டும் அந்த வாசலில் எழுவதில்லை. மண்ணிலும் புல்லிலும் நாள் முழுக்க நடந்து பழகவேண்டிய கால்கள் கருங்கல் தளத்தில் நிற்கின்றன. நகம் வெடிக்கிறது, பாதம் புண்ணாகிறது. அடுத்த பக்தர் அடுத்த தாளை நீட்டுகிறார்.

தானம் எங்கே நிறைவேறுகிறது? கொடுப்பவரின் மனத்திலா, வாங்கும் உயிரின் உடம்பிலா? யானைகளுக்காக நிதி திரட்டுகிற தொண்டு அமைப்புகளும், அவற்றைத் தலைமையேற்று நடத்துகிற தன்னார்வலர்களும் அன்றாடம் இந்தக் கேள்விக்குத்தான் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

தாய்லாந்தில் இந்தக் கேள்வி நடுத்தெருவுக்கே வந்தது. 1989-ல் அந்நாட்டு அரசு இயற்கைக் காடுகளில் மரம் வெட்டுவதைத் தடை செய்தது. காட்டுக்கு அது நல்ல காலம். தலைமுறை தலைமுறையாக மரம் இழுத்துவந்த யானைகளுக்கும் பாகன்களுக்கும் பிழைப்பு போயிற்று. பலர் யானையைக் கூட்டிக்கொண்டு பாங்காக்குக்கு வந்துவிட்டார்கள். ராத்திரி நேரம், வாகன நெரிசலுக்கு நடுவே யானை நடக்கும். கூடவே வாழைப்பழமும் கரும்புத் துண்டும் வைத்த பையோடு பாகன். பௌத்தர்கள் காசு கொடுத்து அந்தப் பழத்தை வாங்கி யானைக்கே ஊட்டினார்கள். அது புண்ணியம். யானையின் வயிற்றுக்கடியில் குனிந்து போனால் நல்லது நடக்கும் என்ற நம்பிக்கையும் உண்டு, அதற்கும் காசு. கொடுத்தவர்கள் எல்லாரும் இரக்கமுள்ளவர்கள். அவர்கள் கொடுத்ததனால்தான் மறுநாள் இரவும் அந்த யானை அதே தார்ச்சாலைக்கு வந்தது. பௌத்தம் வினையின் வேரை எண்ணத்தில் வைக்கிறது என்பது உண்மை. ஆனால் அது கருணையைத் தனியே அனுப்புவதில்லை, தெளிவையும் துணைக்கு அனுப்புகிறது. பாங்காக் தெருவில் கருணை இருந்தது, துணையைக் காணோம்.

அதே மண்ணில் இன்னொரு பதிலும் பிறந்தது. சொரைதா சல்வாலா கால்நடை மருத்துவர் அல்லர். சிறுமியாக இருந்தபோது லாரி மோதிச் சாலையோரம் கிடந்த ஒரு யானையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாமே என்று கேட்டதாகவும், யானைக்கு ஏது ஆஸ்பத்திரி என்று பதில் வந்ததாகவும் அவர் சொல்லியிருக்கிறார். 1993-ல் ‘ஆசிய யானையின் நண்பர்கள்’ என்ற அமைப்பைத் தொடங்கி, வடக்கே லாம்பாங்கில் யானைகளுக்கென்றே ஒரு மருத்துவமனையைக் கட்டினார். உலகிலேயே அதுதான் முதலாவது.

1999 ஆகஸ்டில் மோதலா என்ற பெண் யானை அங்கே கொண்டுவரப்பட்டது. பர்மா எல்லையில் மரம் இழுக்கும் வேலை. கண்ணிவெடியை மிதித்ததில் இடது முன்கால் சிதைந்திருந்தது. அறுவை சிகிச்சையை நாடே தொலைக்காட்சியில் கவனித்தது, நன்கொடை குவிந்தது. பிறகு செய்தியாளர்கள் போய்விட்டார்கள். யானை அங்கேயேதான் இருந்தது. அதற்குத் தினமும் தீவனம் வேண்டும், புண்ணுக்கு மருந்து வேண்டும். தசைநார்களுக்கு வலுவேற்ற, மரத்தூள் அடைத்த கித்தான் உறை ஒன்றை முதலில் மாட்டிப் பழக்கினார்கள். நிலையான செயற்கைக் கால் 2009-ல்தான் பொருந்தியது. பத்து வருஷம்! கண்ணீர் விட்டுப் பணம் அனுப்பியவரைப் பத்து வருஷம் கூடவே வைத்திருப்பதுதான் நிதி திரட்டுகிறவரின் கடினமான வேலை.

மோஷா என்ற இன்னொரு யானையின் கதை இன்னும் நீளம். 2006-ல், ஏழு மாதக் குட்டியாக இருந்தபோது, அதுவும் கண்ணிவெடியில் முன்கால் ஒன்றை இழந்தது. ஏழை மனிதர்களுக்கு இலவசமாகக் கால் செய்து கொடுத்துவந்த மருத்துவர் தேர்ட்சாய் ஜீவகேட், இந்தக் குட்டிக்கும் செய்து கொடுத்தார். குட்டி வளர்ந்தது, எடை கூடியது, கால் பற்றாமல் போயிற்று. மறுபடி அளவெடுத்து, மறுபடி வார்த்து, மறுபடி மாட்ட வேண்டியிருந்தது. ஒருமுறை கொடுத்தால் தீர்ந்துவிடும் என்று நன்கொடையாளரிடம் சொல்வது சுலபம், பணமும் விரைவில் வரும். இது தீராது என்று சொல்லிக் கேட்பதற்கு நெஞ்சுறுதி வேண்டும். அந்த உண்மையைச் சொல்வதே தலைமையின் முதல் அறம்.

சமண ஆகமத்தில் ஒரு யானை வருகிறது. காட்டுத்தீக்குத் தப்பிய விலங்கெல்லாம் ஒரு வெட்டவெளியில் நெருக்கியடித்து நிற்கின்றன. உடம்பைச் சொறிய யானை காலைத் தூக்குகிறது. அந்த இடத்தில் ஒரு முயல் வந்து ஒதுங்கிவிடுகிறது. காலை வைத்தால் முயல் நசுங்கும். தீ அடங்கும்வரை, இரண்டு நாளுக்கும் மேல், யானை காலைக் கீழே வைக்கவேயில்லை. எல்லா விலங்கும் போனபின் மரத்துப்போன கால் ஊன்றாமல் சாய்ந்து விழுந்து உயிர் விடுகிறது. மறுபிறப்பில் மேகக்குமாரன் என்ற இளவரசனாகிறது. முயல் நன்றி சொன்னதாகக் கதையில் இல்லை. யானை அதை எதிர்பார்த்ததாகவும் இல்லை.

வள்ளுவரின் ஈகை அதிகாரமும் இதே பக்கம்தான் நிற்கிறது. இல்லாதவருக்குக் கொடுப்பது மட்டுமே ஈகை, மற்றவை திருப்பி வாங்கும் நோக்கம் கொண்டவை என்கிறது அது. இந்த அளவுகோலால் அளந்தால் துதிக்கை ஆசீர்வாதம் ஒரு கொடுக்கல்-வாங்கல். யானையைக் குளிப்பாட்ட இத்தனை, கட்டிப்பிடித்துப் படம் எடுக்க இத்தனை என்று விலை போடும் முகாம்களும் அப்படியே. ஆனால் ஒரு முகத்தைக் காட்டாமல் மனிதரின் இரக்கத்தை எழுப்புவது கஷ்டம் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். மோதலாவின் முகம் இல்லாவிட்டால் அந்த மருத்துவமனைக்கு அவ்வளவு பேர் கொடுத்திருப்பார்களா? முகத்தைக் காட்டி அழைப்பதில் தப்பில்லை. அழைத்த பிறகு அந்த முகத்தை விலைக்கு விற்பதில்தான் தப்பு.

விற்காமல் இருக்கவும் வழி உண்டு. திருச்சூர் மாவட்டத்தில் இரிஞ்சாடப்பிள்ளி கிருஷ்ணன் கோயில், 2023-ல் நன்கொடையாக வந்த இயந்திர யானையை ஏற்றுக்கொண்டு, உயிருள்ள யானையை இனி வைத்துக்கொள்வதோ வாடகைக்கு அழைப்பதோ இல்லை என்று முடிவெடுத்தது. சடங்குக்குக் குறை வந்துவிடாதா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கல்லில் இறைவன் எழுந்தருள்வான் என்று நம்புகிற மரபுக்கு, இரும்பு யானை மீது அவன் உலா போவது பெரிய சங்கடமாக இருக்க வேண்டியதில்லை.

நீலகிரியின் கூடலூரிலிருந்து இன்னொரு வழியும் புறப்பட்டது. காட்டை அடைத்துப் படரும் உண்ணிச்செடியின் தண்டுகளை வெட்டி, வேகவைத்து, வளைத்து, பெட்டக்குறும்பர், பணியர், காட்டுநாயக்கர் முதலிய பழங்குடிக் கலைஞர்கள் ஆளுயரத்துக்கும் மேலான யானைகளைப் பின்னுகிறார்கள். தங்கள் ஊர் வழியே நடமாடும் நிஜ யானைகளே மாதிரி. 2021-ல் லண்டன் பூங்காக்களிலும் 2024-ல் நியூயார்க் தெருக்களிலும் அவை நின்றன. விற்ற பணம் மனிதரும் விலங்கும் சேர்ந்து வாழும் முயற்சிகளுக்குப் போகிறது. வாங்கியவரின் தலையை எந்தத் துதிக்கையும் தொடுவதில்லை.

லண்டன் காட்சிக்குப் பின்னால் இருந்த ‘எலிஃபன்ட் ஃபேமிலி’ அமைப்பு, வயநாட்டின் திருநெல்லி–குத்ரக்கோடு வழித்தடத்தை மீட்கவும் நிதி கொடுத்தது. இந்திய வனவிலங்கு அறக்கட்டளை அங்கே நிலத்தை வாங்க, தடத்தின் குறுக்கே இருந்த குடும்பங்கள் வேறு இடத்துக்குக் குடிபெயர்ந்தன. மாற்று நிலமும் வீடும் அவர்களுக்குக் கிடைத்தன. ஆனாலும் உழுத வயலையும் பழகிய கிணற்றையும் விட்டுப் போனவர்கள் அவர்கள்தான். இந்த வழித்தடத்துக்குக் கொடுத்தவர்கள் யார் யார் என்று நன்றிக் கூட்டத்தில் பட்டியல் வாசிக்கிறவர் அந்தக் குடும்பங்களிலிருந்துதான் தொடங்க வேண்டும்.