பிப்ரவரியில் கிளம்புகிறவர்கள்

ஓர் ஊரில் காலமெல்லாம் இருக்கப்போகிறவருக்கு ஒழுங்காக நடந்துகொள்ள ஆயிரம் காரணங்கள் உண்டு. அக்கம்பக்கம் பார்க்கும், கடைக்காரர் கடன் தர மறுப்பார், நாளைக்கு அந்தத் தெருவிலேயே பெண் எடுக்கவோ கொடுக்கவோ வேண்டியிருக்கும். சுற்றுலாப் பயணிக்கு அந்தக் கட்டு இல்லை. ஆனால் நாலு நாளில் போய்விடுகிறவரால் பெரிதாக எதையும் கெடுத்துவிடவும் முடியாது. இந்த இருவருக்கும் நடுவில் நிற்பவர், ஒரே ஒரு செமஸ்டர் படிக்க வெளிநாடு போகும் மாணவர். அறைச் சாவி கையில் இருக்கும், நகராட்சிப் பதிவேட்டில் பெயர் இருக்கும், நூலக அட்டை இருக்கும். திரும்பும் தேதியும் வந்த அன்றே தெரிந்திருக்கும். அந்த ஐந்து மாதமும் எப்படி வாழ்வது என்பதைப் பற்றி, விசாவுக்கும் உதவித்தொகைக்கும் செலவிடும் பேச்சில் பத்தில் ஒரு பங்குகூட நாம் செலவிடுவதில்லை.

என்னிடம் யோசனை கேட்டு வருகிறவர்களில் பெரும்பாலோர் ஜெர்மனிக்குப் போகிறார்கள். சென்னைக்கும் அந்த நாட்டுக் கல்விக்கும் உறவு பழையது. கிண்டி ஐ.ஐ.டி. 1959-ல் மேற்கு ஜெர்மனியின் உதவியோடுதான் எழுந்தது. அக்டோபர் நடுவில் அங்கே வகுப்பு தொடங்கும், பிப்ரவரியில் முடியும், தேர்வு எழுதிவிட்டுப் பெட்டி கட்டலாம்.

மாணவர் விடுதியில் பத்துப் பேருக்கு ஒரு சமையலறை. ஃப்ரிட்ஜில் ஆளுக்கு ஒரு தட்டு. அதன் கதவில் ஒட்டியிருக்கும் தாளில், எந்த வாரம் யார் அடுப்பைத் துடைப்பது, யார் குப்பையைத் தரம் பிரித்துக் கீழே கொண்டுபோவது என்று வரிசையாக எழுதியிருக்கும். நம் பையன்களில் பலர் தாங்கள் தின்ற தட்டைத் தாங்களே தேய்ப்பது வாழ்க்கையில் அங்கேதான் முதல்முறை. (பெண்பிள்ளைகளுக்கு இது பொருந்தாது, அவர்களுக்கு அந்தப் பயிற்சியை நாம் ஏழெட்டு வயதிலேயே கொடுத்துவிடுகிறோம்.) அக்டோபரில் எல்லோரும் ஒழுங்காகத் துடைக்கிறார்கள். ஜனவரிக் கடைசியில்தான் அந்த வாக்கியம் வருகிறது: ‘இன்னும் ரெண்டு வாரம்தானே.’ எனக்குத் தெரிந்து ஒரு மனிதர் கெட்டுப்போவதற்கு இதைவிடச் சின்ன வாசல் கிடையாது. கெட்ட எண்ணம் எதுவும் தேவையில்லை, தேதி தெரிந்தால் போதும்.

திருநெல்வேலிப் பக்கத்து மாணவி ஒருத்தி சொன்னாள். அறையை ஒப்படைக்கும்போது விடுதி மேற்பார்வையாளர் வந்து சுவர், மெத்தை, ஜன்னல் எல்லாவற்றையும் பார்ப்பார். குறை இருந்தால் முன்பணத்தில் பிடித்துக்கொள்வார்கள். பொதுச் சமையலறை அந்தப் பட்டியலில் இல்லை. இவள் கிளம்பும் முந்தின நாள் சாயங்காலம் அடுப்புக்கு மேலே இருக்கும் புகைபோக்கியின் வலையைக் கழற்றி, வெந்நீரிலும் சோடா உப்பிலும் ஊறப்போட்டு, பழைய பல்துலக்கியால் கண் கண்ணாகத் தேய்த்திருக்கிறாள். பல வருஷத்து எண்ணெய், பிசுபிசுவென்று பழுப்பாக இறங்கியதாம். உன் முறையா என்று கேட்டேன். “முறையெல்லாம் இல்ல சார். ஆனா அதுல பாதி நம்ம வறுவல்தானே” என்றாள்.

அங்கே பல நகரங்களில் சுரங்க ரயில் நிலையத்துக்குத் தடுப்புக் கதவே கிடையாது. இறங்கலாம், ஏறலாம். எப்போதாவது பரிசோதகர் வந்து, சீட்டு இல்லாமல் பிடிபட்டால் 60 யூரோ அபராதம். மாதம் ஒரு தடவை மாட்டினாலும் லாபம்தான் என்று கணக்குப் போட்டுக் காட்டியவர்கள் உண்டு. கணக்கில் தப்பில்லை. ஜெர்மானியர்களிலும் ஓசிப் பயணிகள் இருக்கிறார்கள் என்பார்கள். அதுவும் உண்மை. ஆனால் அவர்கள் அந்த ஊரின் பள்ளத்தையும் மேட்டையும் சேர்த்தே அனுபவிக்கப்போகிறவர்கள். நம் மாணவரால் பரிசோதகர்கள் கூடினால், கட்டணம் ஏறினால், அடுத்த வருஷம் வருகிற இந்தியப் பையனை மட்டும் ஒருவர் உற்றுப் பார்த்தால், அதைச் சுமக்க இவர் அங்கே இருக்க மாட்டார். போகிறவர் செய்யும் தப்புக்கு இருப்பவர்தான் விலை கொடுக்கிறார். இதற்காகவே இது கூடுதல் தப்பு.

நம் நூல்கள் விருந்தோம்பலைப் பற்றி நிறையப் பேசுகின்றன. குறளில் அதற்கு ஓர் அதிகாரமே இருக்கிறது. பத்துக் குறளும் வீட்டுக்காரரை நோக்கித்தான். விருந்தாளியாக இருப்பது எப்படி என்பதற்கு நான் வேறு ஆளைத் தேட வேண்டியிருந்தது. சீனத் துறவி யிஜிங் 671-ல் குவாங்சௌவிலிருந்து கப்பலேறி சுமத்ராவின் ஸ்ரீவிஜயத்தில் இறங்கினார். அங்கே ஆறு மாதம் தங்கி சமஸ்கிருத இலக்கணம் படித்துவிட்டே நாளந்தாவை நோக்கிப் போனார். பின்னால் அவர் எழுதிய நூலில், துறவிகள் குடிநீரையும் கைகழுவும் நீரையும் எப்படித் தனித்தனிப் பாத்திரத்தில் வைக்கிறார்கள், சாப்பிட்ட பின் எப்படி வாய் கொப்புளிக்கிறார்கள், பல்குச்சியை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்பதற்கெல்லாம் இடம் கொடுத்திருக்கிறார். தத்துவம் தேடிப் போன ஆள், பல் துலக்குவதை இவ்வளவு உன்னிப்பாகப் பார்த்திருக்கிறார். இதே கண்ணோடு பார்க்கிற மாணவருக்கு பெர்லின் தெருவில் ஒன்று அகப்படும். பிளாஸ்டிக் பாட்டிலைக் கடையில் திருப்பிக் கொடுத்தால் 25 சென்ட். வேண்டாம் என்கிறவர்களில் பலர் அதைக் குப்பைத் தொட்டிக்குள் போடாமல் பக்கத்தில் நிறுத்தி வைப்பார்கள். அதைப் பொறுக்கிப் பிழைக்கும் முதியவர் தொட்டிக்குள் கைவிட்டுத் துழாவ வேண்டாம் என்பதற்காக.

பார்ப்பதற்கு இருந்தாக வேண்டும். இங்கேதான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமையை ஓய்வுநாளாகக் காக்க வேண்டும் என்று அரசியல் சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கும் நாடு அது. மளிகைக் கடை பூட்டியிருக்கும், தெரு வெறிச்சோடியிருக்கும், டிசம்பரில் நாலு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். அந்த வெறுமையில் உட்கார முடியாமல் வெள்ளிக்கிழமை இரவே மலிவுப் பேருந்து பிடித்து பிராக், பாரிஸ், ஆம்ஸ்டர்டாம் என்று ஓடுகிறார்கள். ஓடாதவர்கள் தமிழ்ப் பையன்கள் நாலு பேர் அறையில் கூடிப் பிரியாணி சமைக்கிறார்கள், அல்லது அம்மாவோடு மணிக்கணக்கில் வீடியோவில் இருக்கிறார்கள். பிரியாணியைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பிழைப்புச் செலவுக்கு மாதம் 992 யூரோ கையிருப்புக் காட்டினால்தான் விசா; அதற்காக எத்தனை வீடுகளில் நகை அடகுக்குப் போயிருக்கிறது! அவ்வளவு கொடுத்து வாங்கிய ஐந்து மாதத்தைத் தாம்பரத்திலேயே கழித்துவிட்டு வருவது நியாயமா என்று அவரவரே கேட்டுக்கொள்ள வேண்டும்.

படிப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சோஃபியா கொராடி என்ற இத்தாலியப் பெண் 1950-களில் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்துவிட்டு ரோமுக்குத் திரும்பியபோது, அந்தப் படிப்பு செல்லாது என்று அவருடைய பல்கலைக்கழகம் கைவிரித்துவிட்டது. அந்த அவமானத்தை அவர் விடவில்லை. 1987-ல் ஐரோப்பாவில் எராஸ்மஸ் என்ற மாணவர் பரிமாற்றத் திட்டம் தொடங்குவதற்கு அவருடைய நீண்ட போராட்டம் ஒரு முக்கியக் காரணம். முதல் வருஷம் 11 நாடுகள், 3,244 மாணவர்கள். இன்று அங்கே எழுதும் தேர்வு இங்கே செல்லுகிறது என்றால் அதற்குப் பின்னால் இப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். ஒரு செமஸ்டருக்கு முப்பது கிரெடிட், ஒவ்வொன்றும் இருபத்தைந்து முதல் முப்பது மணி நேர உழைப்பு என்பது அங்கத்துக் கணக்கு. தேர்ச்சி பெற்றால் போதும், மதிப்பெண் இங்கே ஏறாது என்று தெரிந்தவுடன் எது சுலபமான பேப்பர் என்று விசாரிக்கத் தொடங்குகிறார்கள். யாரும் எண்ணிப் பார்க்காத இடத்தில் முழுதாகப் படிப்பவர்கள் சிலரே. அந்தச் சிலரை எந்தச் சான்றிதழிலும் அடையாளம் காண முடிவதில்லை.

போன வருஷம் திரும்பி வந்த ஒரு மாணவன் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள். அந்த நாட்டின் சுத்தம், நேரம் தவறாமை, சமத்துவம் எல்லாவற்றையும் சரளமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். “அங்கல்லாம் அவங்கவங்க தட்ட அவங்கவங்களே கழுவுவாங்க சார்.” அவன் அம்மா அதைக் கேட்டபடியே அவன் முன்னாலிருந்த தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அவனும் பேச்சை நிறுத்தவில்லை. பிறகு மேற்படிப்புக்குப் பரிந்துரைக் கடிதம் வேண்டும் என்று வந்தான். கொடுத்தேன். அவனுடைய மதிப்பெண்களைப் பற்றி மட்டும் எழுதினேன்.