எது அந்த வண்டி?

மிலிந்தன் என்னும் யவன அரசனிடம் நாகசேனர் என்ற பௌத்த பிக்ஷு, நீ ஏறி வந்த ரதம் எது என்று வினவி, அச்சா, சக்கரமா, நுகமா, கடிவாளமா என ஒவ்வோர் அங்கமாகச் சுட்டி, இவற்றுள் எதுவும் ரதமன்று, இவற்றை நீக்கினால் ரதம் என ஒரு தனிப்பொருளும் எஞ்சாது, அங்கங்களின் கூட்டத்துக்கு உலக வழக்கில் இட்ட நாமமே ரதம் என்று அவனையே ஒப்புக்கொள்ளச் செய்தார். ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டு கழிந்தும் அந்த வினா, அமெரிக்காவில் ஆட்டோகிராஸ் பந்தயத்துக்காகத் தன் பழைய காரைச் செப்பனிடும் சாமானியன் ஒருவனுக்கு நடைமுறைப் பிரச்னையாகவே வந்து வாய்க்கிறது.

காலியான வாகன நிறுத்தங்களிலும் பழைய விமானத் தளங்களிலும் ஆரஞ்சு நிறக் கூம்புகளை வைத்து வகுத்த வளைந்த பாதையில், ஒவ்வொரு வண்டியாகக் கடிகாரத்தை எதிர்த்து ஓடுவதே ஆட்டோகிராஸ். ஒரு கூம்பைத் தட்டினால் 2 விநாடி தண்டம். இதில் எஞ்சினின் பலத்தைக் காட்டிலும், ஓட்டுகிறவனுடைய சங்கற்பம் தாமதமின்றிச் சக்கரத்தை எட்டுவதே பிரதானம். ஆகையால் 1989-இல் வெளிவந்த மஸ்டா மியாட்டா போன்ற பாரம் குறைந்த வண்டிகள் இந்தப் பந்தயக்காரர்களுக்குப் பிரியமானவை. ஆனால் முப்பது ஆண்டு கடந்த வண்டியில் சஸ்பென்ஷனின் ரப்பர் புஷ்கள் இறுகி வெடித்திருக்கும். பிரேக்கை மிதித்தால் பழைய ரப்பர் குழாய் சற்றே உப்பி, காலின் அழுத்தத்தில் ஒரு பங்கைத் தானே விழுங்கிக்கொள்ளும். கியர்த்தண்டின் அடியிலுள்ள சிறு புஷ் தேய்ந்து, இரண்டாவது கியர் விழுந்ததா இல்லையா என்று கை சந்தேகிக்கும். பாலியூரிதேன் புஷ், எஃகிழை பின்னிய பிரேக் குழாய், புதிய ஷாக் அப்சார்பர் என்று ஒவ்வொன்றாக மாற்றி முடித்தபின், ஸ்டீயரிங்கை விரலளவு அசைத்தாலும் வண்டியின் முகம் உடனே திரும்புகிறது. இது நம் வண்டிதானா என்று உடையவனே வியக்கிறான்.

1944-இல் தோன்றிய ஸ்போர்ட்ஸ் கார் கிளப் ஆஃப் அமெரிக்காவின் விதிகள் இதற்கு ஒரு விடை வைத்திருக்கின்றன. ‘ஸ்ட்ரீட்’ பிரிவில் ஷாக் அப்சார்பரை மாற்றலாம், பிரேக் பேடை மாற்றலாம். சக்கரத்தின் அகலத்தை மாற்றலாகாது. எல்லை கடந்த வண்டி வேறு பிரிவுக்குப் போய்விடும். எவ்வளவு மாறினால் வண்டி வேறாகும் என்பதை மனிதர் கூடிப் பேசி நிர்ணயித்திருக்கிறார்கள். நாகசேனர் சொன்ன உலக வழக்கு இதுதான்.

வைசேஷிகம் என்னும் இந்தியத் தத்துவ மரபைச் சேர்ந்தவர் இதற்கு இசையமாட்டார். அவயவங்களினின்று, அதாவது உறுப்புகளினின்று, வேறான அவயவி என்னும் முழுப்பொருள் ஒன்று மெய்யாகவே உண்டு என்பது அவர் சித்தாந்தம். ஆனால் ஓர் அவயவம் நீங்கிய கணமே பழைய அவயவி அழிந்து புதியது உண்டாகிறது என்றும் அவரே கூறுவதால், பிரேக் குழாயைக் கழற்றிய மாலையிலேயே பழைய மியாட்டா மாய்ந்தது என்று கொள்ள நேரும். அந்தத் தர்க்கத்தின் கண்டிப்பு போற்றத்தக்கதே. எனினும் என் மனம் நாகசேனரின் தீப உவமையையே நாடுகிறது. முதல் ஜாமத்துச் சுடரும் கடை ஜாமத்துச் சுடரும் ஒன்றுமல்ல, வேறுமல்ல. ஒன்றைப் பற்றி ஒன்று எழுந்த சந்தானம், அதாவது தொடர்ச்சி. சென்ற பந்தயத்தில் வளைவில் வண்டி அதிகமாகச் சாய்ந்ததனாலன்றோ இன்று இந்த ஷாக் அப்சார்பர் தேர்ந்தெடுக்கப்படுகிறது? பழையதன் குறையே புதியதற்குக் காரணமாயிற்று.

பழைய பலகைகளை ஒவ்வொன்றாக மாற்றிவந்த தீஸியஸின் கப்பலைப் பற்றிக் கிரேக்க ஆசிரியர் புளூட்டார்க் எழுதியதை எடுத்துக்கொண்ட ஆங்கிலத் தத்துவஞானி ஹாப்ஸ், 1655-இல், கழற்றிய பழைய பலகைகளைச் சேர்த்து இன்னொரு கப்பல் கட்டினால் எது அசல் என்று கேட்டார். அந்த இரண்டாம் கப்பல் ஆட்டோகிராஸ்காரர்களின் கொட்டகையிலேயே கிடக்கிறது: பின்னால் விற்க நேர்ந்தால் மீண்டும் பூட்டுவதற்கென்று, கழற்றிய அசல் உறுப்புகளைப் பலர் பெட்டிகளில் காத்து வைக்கிறார்கள். உடற்கூட்டில் பொறித்த, எழுத்தும் எண்ணும் கலந்த 17 குறிகள் கொண்ட அடையாளமே வண்டி என்கிறது சட்டம். அக்கூடே துருவேறி, உறுப்புகளையெல்லாம் வேறொரு கூட்டுக்கு மாற்ற வேண்டி வந்தால், சட்டத்தின் பார்வையில் பழைய வண்டி முடிந்தது. பல பருவங்களின் தவறுகளைக் கொண்டு ஒவ்வோர் உறுப்பையும் தேர்ந்தவனோ அதைத் தன் பழைய வண்டியென்றே அழைக்கிறான். காரணத் தொடர்ச்சி அவன் பக்கம் அறுபடாமல் இருப்பதால், நான் அவன் சொல்லையே ஏற்கிறேன்.