சட்டைப் பையில் ஒரு நட்டு

வேன் வரக் கொஞ்ச நேரம் இருந்தது. அதற்குள் மறுநாளைக்கு எடுத்து வைத்துவிடலாம் என்று உதவியாளர் அம்மா தட்டுகளைக் கையில் எடுத்தார். பெரிசு, நடுத்தரம், சிறிசு என்று பிள்ளைகள் நாள் முழுக்கப் பிரித்து வைத்திருந்த நட்டுகளையும் போல்ட்டுகளையும் ஒரே டப்பாவில் கொட்டிக் குலுக்கினார். வாசலில் பையை மாட்டிக்கொண்டு நின்ற 17 வயதுப் பையன் ஒருவன் சத்தம் கேட்டுத் திரும்பி வந்தான். எதுவும் கேட்கவில்லை. டப்பாவுக்குள் கைவிட்டுத் துழாவி, ஒரே ஒரு நட்டை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

அந்தச் சிறப்புப் பள்ளியைப் பார்க்கப் போயிருந்த ஆசிரியைக்கு அந்த நட்டுதான் மனதை விட்டு அகலவில்லை. அவரும் ஸ்பெஷல் எஜுகேட்டர். காவிரிக்கரை ஊர் ஒன்றில் பெரிய பிள்ளைகளுக்குத் தொழில் பழக்குகிறவர். ஏன் எடுத்தான்? திருட்டில்லை, எல்லோரும் பார்க்கத்தான் எடுத்தான். விளையாட்டும் இல்லை, முகத்தில் சிரிப்பில்லை. அன்றைக்கு அவன் பிரித்தது நடுத்தர அளவு. துழாவி எடுத்ததும் அதே அளவுதான்.

உதவியாளர் அம்மாவிடம் பேசிப் பார்த்தார். "கம்பெனி ஆர்டர் வந்தாத்தானே மேடம் நிஜ வேலை? அதுவரைக்கும் பிள்ளைங்க கை சும்மா இருக்கக் கூடாதுல்ல?" இதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஓரிடத்தில் உட்கார்வது, அளவு பார்ப்பது, முடிந்ததும் சொல்வது எல்லாமே வேலைக்கு வேண்டிய பழக்கங்கள். ஆனால் பழகியவன் அடுத்து எங்கே போகிறான்? 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 18 வயது வரை இலவசக் கல்விக்கு உத்தரவாதம் தருகிறது. அரசு வேலையில் 4 சதவீத ஒதுக்கீட்டுக்குள் ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு உள்ளிட்ட பிரிவுகளுக்குச் சேர்த்து 1 சதவீதம் உண்டு. அந்த 1 சதவீதத்துக்கும் இந்த டப்பாவுக்கும் நடுவே உள்ள தூரத்தைத்தான் அவரால் அளக்க முடியவில்லை.

பயிற்சிக் காலத்தில் மார்க் கோல்டு பற்றிப் படித்தது அவருக்கு நினைவுக்கு வந்தது. 1970களின் தொடக்கத்தில், அறிவுசார் குறைபாடுள்ளவர்களுக்கு 15 பாகங்கள் கொண்ட சைக்கிள் பிரேக்கைப் பூட்டக் கற்றுக்கொடுத்த அமெரிக்கர். பிறகு 24 பாகங்கள் கொண்ட பிரேக்கையும் அவர்கள் பூட்டினார்கள். ஒருவன் கற்றுக்கொள்ளவில்லை என்றால் கற்றுக்கொடுக்கும் முறையை மாற்று என்பது கோல்டின் கட்சி. வேலையைச் சின்னச் சின்னப் படிகளாகப் பிரிப்பதை இவரும் செய்கிறார். சில பிள்ளைகளுக்குக் கடைசிப் படியைத்தான் முதலில் சொல்லித் தருவார். காகிதக் கவர் செய்யும்போது மடிப்பது, ஒட்டுவது எல்லாவற்றையும் தானே செய்து, அடிப்பாகத்தை அழுத்தி மூடுவதை மட்டும் பிள்ளையிடம் விடுவார். முதல் நாளே முழுசான ஒரு கவர் அதன் கையில் இருக்கும். முடித்த பொருளைக் கையில் பிடித்த பிள்ளையின் முகத்தைப் பார்த்தவர் என்பதால்தான் டப்பா குலுங்கிய சத்தம் அவரை அப்படி உலுக்கியது.

கல்லூரி நாளில் படித்த தஸ்தயேவ்ஸ்கியும் அரைகுறையாக ஞாபகம் வந்தார். சைபீரியச் சிறையில் இருந்தவர். மண்ணை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கும், மறுபடி பழைய இடத்துக்குமே அள்ளிக் கொட்டவைத்தால் எந்த மனிதனும் நொறுங்கிப்போவான் என்கிற மாதிரி எழுதியிருந்தார்.

அப்படியானால் ஆசிரியையின் பாட்டி ஏன் நொறுங்கவில்லை? விடிகாலையில் சாணம் தெளித்து, அரிசிமாவில் வாசலடைக்கக் கோலம் போடுவாள். மதியத்துக்குள் மாடும் சைக்கிளும் அதன்மேல் போய்விடும். சிறுமியாக இருந்தபோது இவர் அழுதிருக்கிறார். "அழிஞ்சா என்னடி, நாளைக்கும் வாசல் இருக்கும்ல?" என்பாள் பாட்டி. அழியும் என்று தெரிந்தேதான் அவள் போட்டாள். பையனுக்கு அது தெரியாது. வித்தியாசம் இதுதான் என்று ஆசிரியைக்குத் தோன்றியது. அப்புறம் அதுவும் முழுசாக நிற்கவில்லை. சாயங்காலம் கலைத்துவிடுவோம் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தால் எல்லாம் சரியாகிவிடுமா? பிரித்து அடுக்குவதே நிம்மதியாக இருக்கிற பிள்ளைகளும் அவர் வகுப்பில் உண்டு. அவர்களுக்கு யார் வாங்கப் போகிறார்கள் என்ற கவலையே கிடையாது.

அவர் பள்ளியில் எதையும் கலைப்பதில்லை. 2019 ஜனவரி முதல் தேதி ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் தடை வந்த பிறகு காகிதக் கவரைக் கடைக்காரர்களே தேடி வந்தார்கள். பிள்ளைகளின் கையில் காசு வந்தது. காசு வந்தாலே கடைக்குப் போவது, மீதியை எண்ணி வாங்குவது, வேண்டாததை வேண்டாம் என்று சொல்வது எல்லாமே பாடமாகிவிடும். இந்தப் பாடங்களை வெறும் பொம்மைக் காசில் நடத்த முடியாது என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் இப்போது வேறொன்று உறுத்துகிறது. மாதாமாதம் கவர் வாங்கும் மருந்துக்கடையில், கவுண்டருக்குப் பின்னால் பழைய கட்டுகள் பிரிக்காமல் அடுக்கியிருந்ததை அவர் பார்த்திருக்கிறார். கடைக்காரர் தேவைக்கு வாங்குகிறாரா, மனசு கேட்காமல் வாங்குகிறாரா? அவரிடமே கேட்டுவிடலாம். கேட்டால் அடுத்த ஆர்டர் நின்றுபோகலாம். இரக்கத்துக்காக வாங்கப்பட்ட கவரும் விற்ற கவர்தானே என்று ஒரு நாள் தோன்றுகிறது. மறுநாள், அதுவும் டப்பாவில் கொட்டுவதைப் போலத்தானோ என்று பயமாக இருக்கிறது. இந்த மாதக் கட்டும் தயாராகிவிட்டது. கேட்பதா வேண்டாமா என்று அவர் இன்னும் முடிவு செய்யவில்லை.