துன்ப முனை

கேரவன் என்றதும் உங்களுக்கு ஷூட்டிங் ஸ்பாட்தான் ஞாபகம் வரும். உள்ளே ஏ.சி., வெளியே உதவியாளர், கதவு திறந்தால் கதாநாயகன்!

ஆஸ்திரேலியாவில் கேரவன் வேறு சமாச்சாரம். பிள்ளைகளைக் கரையேற்றிய கையோடு வீட்டைப் பூட்டிவிட்டு, புருஷனும் பெண்டாட்டியும் மாதக்கணக்கில் அதில் ஊர் சுற்றக் கிளம்பிவிடுகிறார்கள். ‘நரைத்த நாடோடிகள்’ என்று அந்த நாடே அவர்களுக்குச் செல்லப் பெயர் வைத்திருக்கிறது.

நாடோடி இல்லையென்றாலும் நரை இருக்கிறதே! அந்தத் தகுதியை நம்பி 2022 ஜூலையில் நானும் என் மனைவியும் கேர்ன்ஸ் நகரத்தில் ஒரு வண்டியை நாலு நாளைக்கு வாடகைக்கு எடுத்தோம். படுக்கை, கேஸ் அடுப்பு, குட்டி ஃப்ரிட்ஜ் எல்லாம் வண்டிக்குள்ளேயே. அங்கிருந்து கடலை ஒட்டி வடக்கே போனால், சுமார் 140 கிலோமீட்டரில் கேப் டிரிபுலேஷன் என்ற இடம்.

வலது பக்கம் கடல், இடது பக்கம் மலை. நடுவில் சாலை வளைந்து வளைந்து போகிறது. டெயின்ட்ரீ ஆற்றுக்குப் பாலம் இல்லை. கம்பி வடத்தைப் பிடித்தபடி நகரும் ஒரு படகில் வண்டியை ஏற்றித்தான் அக்கரை போக வேண்டும். அக்கரையில் மழைக்காடு. உலகின் மிகப் பழைமையான காடுகளில் ஒன்று. மரங்கள் மணல் வரைக்கும் வந்து நிற்கின்றன. எதிரே கடலுக்குள் பவளத்திட்டு. பவளத்திட்டை 1981-லும், இந்தக் காட்டை 1988-லும் உலகப் பாரம்பரியச் சொத்துகளாக யுனெஸ்கோ அறிவித்தது. அப்படிப்பட்ட இரண்டு அதிசயங்கள் பக்கத்துப் பக்கத்தில்!

இத்தனை அழகுக்கு நடுவே நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? சண்டை போட்டோம்.

படகுத் துறையில் நீள வரிசை. “காலைல நீ கிளம்ப லேட் பண்ணலேன்னா இந்நேரம் அந்தப் பக்கம் போயிருக்கலாம்” என்று நான் ஆரம்பித்தேன். “தோசைக்கல்லைக் காணோம்னு வண்டியையே கவுத்துப் போட்டது யாரு?” என்று அவள் முடித்தாள். அதன் பிறகு வண்டிக்குள் அடுப்பு இருந்தது, ஃப்ரிட்ஜ் இருந்தது, பேச்சு மட்டும் இல்லை. வீட்டில் என்றால் கோபம் வந்தால் வேறு அறைக்குப் போகலாம். கேரவனில் எங்கே போவது?

மாலையில் அந்த முனைக்குப் போய்ச் சேர்ந்தோம். டிரிபுலேஷன் என்றால் துன்பம், சோதனை. ஊர்ப் பலகையைப் பார்த்ததும் நான் சொன்னேன், “சரியான பேருதான் வெச்சிருக்கான்!”

வைத்தவர் கேப்டன் ஜேம்ஸ் குக். 1770 ஜூன் 11 இரவு, அவருடைய ‘எண்டவர்’ கப்பல் இந்த முனைக்கு அப்பால் பவளத்திட்டில் மோதி மாட்டிக்கொண்டது. அடியில் ஓட்டை. ஏறக்குறைய ஒரு நாள் முழுக்க உயிர்ப் போராட்டம். கப்பலை லேசாக்க ஆறு பீரங்கிகள் உட்பட சுமார் 40, 50 டன் பொருட்களைக் கடலில் வீசினார்கள். எப்படியோ தப்பினார்கள். தன் துன்பங்கள் இங்கேதான் ஆரம்பித்தன என்று சொல்லி, முனைக்கு இந்தப் பெயரை வைத்தார். வடக்கே இருந்த விரிகுடாவுக்குக் ‘களைத்த விரிகுடா’ என்று பொருள்படும் பெயர். போய்ச் சேர்ந்துவிட மாட்டோமா என்று ஏங்கிப் பார்த்த தீவுகளுக்கு ‘நம்பிக்கைத் தீவுகள்’. ஒரு மனிதரின் மிக மோசமான சில நாட்கள் அப்படியே உலக வரைபடத்தில் ஏறிவிட்டன.

ஆனால், அந்த முனைக்கு அதற்கு முன்பே பேர் இருந்தது. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அங்கே வாழும் குக்கு யாலஞ்ஜி மக்கள் அதைக் குல்கி என்கிறார்கள். கப்பல் மோதிய அந்த இரவும் அவர்களுக்கு அது வீடுதான்.

இதை நான் மனைவியிடம் சொன்னேன். எல்லாம் தெரிந்தவன் மாதிரி சொன்னேன். அவள் கடலைப் பார்த்தபடியே கேட்டாள்: “நீங்க திருச்சியச் சொல்ற மாதிரிதானே?”

எனக்குச் சுருக்கென்றது.

1989-ல் நான் திருச்சியில் ஒரு அச்சகம் ஆரம்பித்துக் கையைச் சுட்டுக்கொண்டேன். இரண்டே வருஷம். கடன், அவமானம். ராத்திரியோடு ராத்திரியாக ஊரைக் காலி செய்தோம். அன்று முதல் எங்கள் வீட்டில் அதற்குப் பேர் ‘பாழாப்போன ஊரு’. விவரம் தெரியாத வயதில் அங்கிருந்து வந்த என் மகள்கூட, “அது நமக்கு ஆகாத ஊருல்ல?” என்பாள்.

மனைவி சொன்னாள்: “எனக்கு அது பாழாப்போன ஊரு இல்லீங்க. பாப்பா நடக்கக் கத்துக்கிட்ட ஊரு. வீட்டுக்காரம்மா அஞ்சு மாசம் வாடகையே கேக்கல. ராத்திரி நீங்க வர்ற வரைக்கும் எனக்குத் துணையா திண்ணைல உக்காந்திருப்பாங்க. அவங்க தவறிட்டாங்கன்னு போன் வந்தப்போ, ‘அந்த ஊருக்கா?’ன்னு ஒரே வார்த்தை கேட்டீங்க. நானும் போகல.”

அவ்வளவுதான் சொன்னாள். குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் இன்னும் வலித்தது.

இப்போது உங்களிடம் ஒரு கேள்வி. நம்முடைய மிக மோசமான நாளின் பெயரை, மற்றவர்களும் வாழ்ந்த ஓர் இடத்துக்கு வைக்க நமக்கு உரிமை இருக்கிறதா?

அவசரப்பட்டு ‘இல்லை’ என்று சொல்லாதீர்கள். குக் பட்ட துன்பம் பொய்யில்லை. நான் பட்ட கடனும் பொய்யில்லை. அடிபட்டவரிடம் போய், ‘அந்த இடத்தில் எத்தனை அழகான பூக்கள் தெரியுமா?’ என்பது ஆறுதல் இல்லை, கொடுமை. வலித்தது என்று சொல்ல யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை.

ஆனால், டைரி வேறு, வரைபடம் வேறு. டைரியில் ‘இன்று துன்பப்பட்டேன்’ என்று எழுதலாம். அது என் கணக்கு. வரைபடத்தில் ‘இது துன்ப முனை’ என்று எழுதும்போது, அங்கே இருக்கிற எல்லோருக்கும் சேர்த்து நான் தீர்ப்பு எழுதிவிடுகிறேன். என் வலியை நான் சொன்னேன், சரி. கூடவே ஒரு தாயின் நன்மையையும், ஒரு குழந்தையின் முதல் அடியையும் அழித்துவிட்டேனே? அஞ்சு மாச வாடகையைவிடப் பெரிய பாக்கி அது.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். 1873-ல் பால்மர் ஆற்றுத் தங்கத்தைத் தேடி வெளியாட்கள் கூட்டம் கூட்டமாக அந்தப் பகுதிக்கு வந்தார்கள். அதன் பிறகு அங்கிருந்த பூர்வகுடி மக்கள் இழந்த உயிரும் நிலமும் கொஞ்சநஞ்சமில்லை. ‘துன்ப முனை’ என்று பேர் வைக்க யாருக்காவது உரிமை இருந்தால், அது அவர்களுக்குத்தான். அவர்களோ இன்றும் குல்கி என்றுதான் சொல்கிறார்கள். 2021 செப்டம்பரில், டெயின்ட்ரீயும் அந்த நம்பிக்கைத் தீவுகளும் உட்பட 1,60,000 ஹெக்டேருக்கு மேற்பட்ட தேசியப் பூங்கா நிலத்தை அரசாங்கம் அவர்களிடமே திருப்பிக் கொடுத்தது.

குக்கையும் முழுசாகக் குற்றம் சொல்ல முடியாது. உடைந்த கப்பலைப் பழுது பார்க்க இன்னும் வடக்கே ஓர் ஆற்றங்கரையில் ஏழு வாரம் போலத் தங்கினார்கள். அங்கே துள்ளித் துள்ளி ஓடிய ஒரு விசித்திரப் பிராணிக்குப் பேர் என்ன என்று, அந்த மண்ணின் மக்களிடமிருந்தே அவருடைய குழுவினர் தெரிந்துகொண்டார்கள். அந்தச் சொல்தான் கங்காரு. இன்று உலகமே சொல்கிறது. துன்பத்தில் இருந்தபோது அவர்களே பேர் வைத்தார்கள். கொஞ்சம் மூச்சு விட்டதும், கேட்டுத் தெரிந்துகொண்டார்கள்.

ஊர் திரும்பியதும் திருச்சிக்குப் போனோம். அந்த அம்மாவின் மகன் அதே வீட்டில்தான் இருக்கிறார். திண்ணையை இடித்து கார் நிறுத்த இடம் செய்திருக்கிறார்கள். மனைவி ஒரு மூலையைக் காட்டி, “இங்கதான் பாப்பா முதல் முதல்ல நடந்தா” என்றாள். அச்சகம் இருந்த தெருப் பக்கம் நான் போகவில்லை. அது இன்னும் வலிக்கிறது. வலிக்கட்டும், அது என் டைரி.

உங்கள் வரைபடத்திலும் ஒரு துன்ப முனை இருக்கும். ஓர் ஊராக இருக்கலாம், ஒரு வருஷமாக இருக்கலாம், ஒரு சொந்தக்காரர் வீடாக இருக்கலாம். அந்தப் பேரை இன்றே அழிக்க வேண்டாம். அப்போது உங்களோடு கூட இருந்தாரே ஒருவர், அவரிடம் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்:

“அந்த இடத்துக்கு நீ என்ன பேரு வெச்சிருக்கே?”