தேவனுடைய வீட்டுக்கு எத்தனை படி?



 இந்த நாட்களில் பல ஊர்களில் சபைகள் புதிய ஆலயம் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். கர்த்தருக்கே மகிமை! ஆனால் ஆவியானவர் என் உள்ளத்தில் பாரமாய் வைத்த ஒரு கேள்வி உண்டு. நீங்கள் கட்டுகிற ஆலயத்துக்கு எத்தனை படி? அந்தப் படி ஏற முடியாதவர் எப்படி உள்ளே வருவார்?

"இது இஞ்சினியர் பார்க்கிற வேலையாச்சே பாஸ்டர், இதைப்போய் செய்தியில எழுதலாமா?" என்று கேட்பீர்கள். உபாகமம் 22:8-ஐ எடுத்து வாசியுங்கள். புது வீடு கட்டுகிறவன் மொட்டைமாடியைச் சுற்றிக் கைப்பிடிச்சுவர் எழுப்பவேண்டும். இல்லாவிட்டால், அங்கிருந்து ஒருவன் விழும்போது அந்த இரத்தப்பழி அந்த வீட்டின்மேல் வரும். பலிக்கும் பண்டிகைக்கும் பிரமாணம் கொடுத்த அதே தேவன் மாடிச் சுவருக்கும் பிரமாணம் கொடுத்தார். லேவியராகமம் 19:14-லோ, பார்வையில்லாதவருக்கு முன்னே தடுக்கல் வைக்கிற காரியத்தைத் தேவபயத்தோடு சேர்த்தே பேசுகிறார். அப்படியானால் நாம் வைக்கிற ஒவ்வொரு படிக்கும் அவர் கணக்குக் கேட்பார். மூன்று காரியங்களைத் தியானிப்போம்.

1. கூரையைப் பிரித்தது ஏன்?

மாற்கு 2-ஆம் அதிகாரம். திமிர்வாதக்காரனை நாலுபேர் சுமந்துவந்தார்கள். அந்த நாலுபேருடைய விசுவாசத்தைப்பற்றி எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறோம். அவர்கள் ஏன் கூரைமேல் ஏறவேண்டியதாயிற்று? வாசல் அடைபட்டிருந்தது. அதை அடைத்துக்கொண்டு நின்றது யார்? பிசாசா? வசனம் கேட்க வந்த நல்ல ஜனங்கள்!

ஒரு கூட்டத்துக்குப் பேசப் போயிருந்தேன். ஏழு படி. சக்கரநாற்காலியில் வந்த ஒரு சகோதரனை நாலு வாலிபர்கள் அப்படியே தூக்கி உள்ளே கொண்டுவந்தார்கள். ஜனங்கள் கைதட்டி அல்லேலூயா சொன்னார்கள். கூட்டம் முடிந்து அவரிடம் பேசினேன். "ஐயா, கீழே போட்டிருவாங்களோன்னு ஒரே பயம். திரும்ப எப்படி இறங்கப்போறோமோன்னு நினைச்சுக்கிட்டே உக்காந்திருந்தேன், செய்தியில மனசே நிக்கல" என்றார். ஒரு டம்ளர் தண்ணீர்கூட அவர் குடிக்கவில்லை. கழிப்பறை வாசல் குறுகலாக இருந்ததே காரணம். சுமந்தவர்கள் அன்பாய்த்தான் சுமந்தார்கள். ஆனாலும் நாலுபேர் கிடைக்காத ஞாயிற்றுக்கிழமையில் அவர் என்ன செய்வார்? யோவான் 5-ல் பெதஸ்தா குளத்தருகே கிடந்தவர் சொன்ன குறையும் இதுதானே? ஐந்து மண்டபம் கட்டியிருந்தார்கள். ஆனாலும் 38 வருஷம் வியாதியாயிருந்த அந்த மனுஷன் தண்ணீருக்குள் இறங்க ஒரு துணையில்லை.

2. சுகம் வருமே, சாய்தளம் எதற்கு?

"கர்த்தர் சுகமாக்குவார் என்று ஜெபிக்கிற நாம் சாய்தளம் கட்டினால் அது அவிசுவாசம் ஆகாதா?" என்று ஒரு மூப்பர் என்னிடம் கேட்டார். நான் தெய்வீக சுகத்தை விசுவாசிக்கிறவன், இன்றும் கைவைத்து ஜெபிக்கிறவன். ஆனால் மேவிபோசேத்தைப் பாருங்கள் (2 சாமுவேல் 9). தாவீது லோதேபாருக்கு ஆள் அனுப்பி அவனை அழைத்துவந்து, தன் பந்தியில் ராஜகுமாரரோடு உட்காரவைத்தான். அந்த அதிகாரத்தின் கடைசி வசனத்திலும் அவனுக்கு இரண்டு காலும் முடம்தான். நடந்து காட்டினால் பந்தி என்று ராஜா சொல்லவில்லையே! சுகம் கர்த்தருடைய கையில் இருக்கிறது. பந்தியில் இடம் போடுவது நம்முடைய கையில் இருக்கிறது. "விசுவாசம் போதாது" என்ற வார்த்தையால் ஏற்கெனவே காயப்பட்டவர்களுக்கு, வாசலிலும் ஒரு தடையை வைக்கலாமா?

3. அளவோடு கட்டுங்கள்

ஆசரிப்புக்கூடாரத்துக்கு முழக்கணக்கு கொடுத்த தேவன் அளவில்லாமல் கட்டச் சொல்லமாட்டார். சாய்தளத்துக்கு அளவு ஒன்றுக்குப் பன்னிரண்டு. வாசல் தரையிலிருந்து ஒன்றரை அடி உயரம் என்றால், சாய்தளம் 18 அடி நீளம் வேண்டும். பைக் ஏற்றுகிற மாதிரி செங்குத்தாய் ஒரு சிமெண்ட் சரிவைப் போட்டுவிட்டு "வெச்சாச்சு பாஸ்டர்" என்று மேஸ்திரி சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அதில் சக்கரநாற்காலி பின்னால் சரியும். அகலம் 4 அடி, இரண்டு பக்கமும் கைப்பிடி, மேலேயும் கீழேயும் நின்று திரும்ப 5 அடிக்கு 5 அடி சமதளம், வாசல் திறப்பு 3 அடி. கழிப்பறைக்குள் நாற்காலி திரும்ப 5 அடி வட்டம், பிடித்து எழும்பச் சுவரில் கம்பி. ஞானஸ்நானத் தொட்டியின் படிக்கும் கைப்பிடி வையுங்கள். சாட்சி சொல்லும் மேடைக்கும் வழி வையுங்கள். நாற்காலி வரிசைகளின் நடுவே இடம் விடுங்கள்; செருப்பு விடுகிற மூலையில் அவர்களை நிறுத்தாதீர்கள். முழங்கால் வலிக்கிற தாய்மாரும், கர்ப்பவதிகளும், கோலூன்றி வருகிற பெரியவர்களும் அதே வழியில் வந்து உங்களை ஆசீர்வதிப்பார்கள்.

தேசத்தின் சட்டமும் இதைக் கேட்கிறது. 2016-ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பொதுக் கட்டடம் என்று சொல்லும்போது, மதக் காரியங்களுக்குப் பயன்படும் கட்டடத்தையும் சேர்த்தே சொல்கிறது. விதிக்கு ஒத்துவராத வரைபடத்துக்குக் கட்ட அனுமதியும் இல்லை, கட்டிமுடித்த சான்றும் இல்லை என்கிறது. விதிகள் 2017-ல் வந்தன. பழைய கட்டடங்களைச் சரிசெய்யக் கொடுத்த ஐந்து வருஷக் கெடுவும் கடந்துபோயிற்று. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம், இந்த விதிகள் வெறும் ஆலோசனையாக இருந்தால் போதாது, கட்டாயமாக இருக்கவேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. 2011 கணக்கெடுப்பின்படி நம் தேசத்தில் மாற்றுத்திறனாளிகள் ஏறக்குறைய 2 கோடியே 68 லட்சம் பேர். நம் சபைகளில் அவர்களை அதிகம் காணவில்லையென்றால், நம் தெருவில் அவர்கள் இல்லையென்று அர்த்தமாகுமா? படியின் கீழே நின்று திரும்பிப் போயிருக்கலாம் அல்லவா?

தேவ ஜனமே, ஒன்று செய்யுங்கள். அஸ்திபாரம் போடுமுன் வரைபடத்தை உங்கள் ஊரிலுள்ள ஒரு மாற்றுத்திறனாளியிடம் காட்டிக் கேளுங்கள். கட்டி முடித்தபின் இடிப்பதற்குச் செலவு அதிகம். ஏற்கெனவே கட்டியிருந்தால், இந்த மாதக் கட்டட நிதியில் முதல் மூட்டை சிமெண்டைச் சாய்தளத்துக்கு ஒதுக்குங்கள். கோபுரமும் கிரானைட்டும் ஒலிபெருக்கியும் பிறகு வரட்டும்.

ஜெபிப்போம்: அன்பின் பரலோகப் பிதாவே, எங்கள் ஆலய வாசல்களை எங்களுக்குக் காட்டும். யாருக்கு அது அடைபட்டிருக்கிறது என்று பார்க்கக் கண்களைத் தாரும். அதைத் திறக்க எங்கள் கைகளைப் பலப்படுத்தும். உம்முடைய பந்தியில் ஒருவருடைய இடமும் காலியாயிராதபடி கிருபை செய்யும். இயேசுவின் நாமத்தில் பிதாவே, ஆமென்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் அன்புச் சகோதரன்